ஆறாவது கேள்வி

தம்பெரே, பின்லாந்து
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆலன் எழுதுகிறேன். நான் இங்கே சுகம். வெளியே பனி முழங்கால் உயரம். உங்கள் முழங்காலுக்கு மழைக்காலம் ஆகாதே என்ற கவலைதான் எனக்கு. சிம்பாங் ரெங்கம் பக்கம் தண்ணீர் ஏறவில்லை என்று நம்புகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று போனில், “என்னதான்டா வேல பாக்குற அங்க?” என்று கேட்டீர்கள். போனில் எனக்குப் பேச்சு எப்படித் திக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ‘கம்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பேட்ரிசியா அக்கா பின்னாலிருந்து, “கம்பத்துல வேலயாம் டீச்சர்!” என்று எடுத்துக் கொடுத்தார். எழுத்தில் எனக்குத் திக்காது. ஆகவே எழுதுகிறேன்.

மனிதர்கள் எழுதும் நிரலைக் கணினியின் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர். அதன் கடைசிப் பகுதியில், சிப்புக்கு மிக அருகில், ஒரு சிறிய மூலை என்னுடையது. அங்கே நடப்பது ஒப்பிடுவது மட்டும்தான். இது பெரியதா, சிறியதா, இரண்டும் சமமா. ஆனால் ஒவ்வொன்றாக அல்ல. பதினாறு எண்களை ஒரு வரிசையாகவும் வேறு பதினாறை எதிர் வரிசையாகவும் நிறுத்தி, ஒரே கட்டளையில் பதினாறு ஜோடியையும் ஒப்பிடுவோம். இந்த வரிசைக்கு வெக்டர் என்று பெயர்.

இதற்கான நிரலைப் பதினைந்து வருடமாகப் பல பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரே விஷயம் முப்பது இடத்தில் முப்பது விதமாக, ஒன்பதாயிரம் வரிகளில் கிடக்கிறது. அதை ஒரே பட்டியலாகச் சுருக்குவதுதான் என் வேலை. உள்ளே எல்லாவற்றையும் மாற்றலாம். வெளியே வரும் விடை ஒன்றுகூட மாறக்கூடாது.

செப்டம்பர் வெளியீட்டில் இது சேர்ந்தால் என் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் நீளும். சேராவிட்டால் வருடக் கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் வந்துவிடுவேன். ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தக் கூப்பிடுகிறார்கள். எனக்கு இங்கே இருந்து முடிக்கத்தான் ஆசை, அக்கா. ஐம்பத்தொரு வயதில் இப்படி ஒரு வேலை இன்னொரு முறை கிடைக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
ஆலன்


சிம்பாங் ரெங்கம், ஜொகூர்
2 பிப்ரவரி 2025

என் பாசமுள்ள தம்பி ஆலனுக்கு,

அக்கா ரீத்தாவின் ஆசிகள். ஆண்டவர் துணையால் வெள்ளம் நம் தாமான் குடியிருப்புக்குள் வரவில்லை. முழங்கால் எனக்கு முன்னால் எழுந்து எனக்குப் பின்னால் தூங்குகிறது, அவ்வளவுதான். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ரொட்டியை மட்டும் தின்று படுத்துவிடாதே.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது தடவை காலைக் கூட்டம் நினைவுக்கு வந்தது. நான்காம் வகுப்பை ஒரு வரிசையாகவும் ஐந்தாம் வகுப்பை எதிர் வரிசையாகவும் நிறுத்தி, “எதிரில் நிற்பவனைவிட உயரமானவன் கையைத் தூக்கு” என்று நான் ஒரு தடவை சொன்னால், எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் எழும். ஒவ்வொரு ஜோடியாக நான் அளந்துகொண்டு போனால் மணி அடித்துவிடும். இதுதானே நீ செய்வது?

முப்பத்து மூன்று வருடம் தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு எண்ணுக்கு நடுவே பெரியது சிறியது குறி போட ஒரு பிள்ளைக்கு நான்கு விநாடி ஆகும். உன் சிப் ஒரு விநாடியில் எத்தனை தடவை இந்தக் கையைத் தூக்க வைக்கும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

செப்டம்பர் விஷயத்தையும் வாசித்தேன். உனக்கு எது நல்லதோ அது நடக்கட்டும். முன் அறையில் அப்பாவின் பீரோவை நகர்த்தி, ஜன்னலைத் திறக்க வழி செய்தேன். ஒரு புது மெத்தையும் வாங்கிப் போட்டேன். கடையில் மலிவு விற்பனை போட்டிருந்தார்கள், வேறொன்றும் இல்லை.

அன்புடன்,
அக்கா


தம்பெரே
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். மீன் சம்பல்கூடச் செய்தேன், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

உங்கள் காலைக் கூட்டத்தைவிட நல்ல விளக்கம் எங்கள் பாடப் புத்தகங்களில் இல்லை. ஒரு விநாடியில் எத்தனை தடவை என்று கேட்டீர்கள். ஏறத்தாழ முந்நூறு கோடி. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே, ஒளியால்கூட நீங்கள் எழுதும் பேனாவின் நீளத்தைக் கடக்க முடியாது. அந்த நேரத்துக்குள் பதினாறு கைகளும் எழுந்து நிற்கும். இருபத்தாறு வருடமாக இந்த வேலை செய்கிறேன், இதை எழுதும்போது இன்னும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் சிப்புக்குத் தெரிந்த கேள்விகள் இரண்டே இரண்டு: ‘பெரியதா?’, ‘சமமா?’ நிரல் எழுதுகிறவர்களோ ஆறு விதமாகக் கேட்பார்கள். மீதி நான்கையும் இந்த இரண்டிலிருந்து நாங்கள் செய்து கொடுக்க வேண்டும். ‘சிறியதா?’ என்றால், இரண்டு வரிசைகளையும் இடம் மாற்றிவிட்டு ‘பெரியதா?’ என்று கேட்போம். ‘சமமில்லையா?’ என்றால், ‘சமமா?’ என்று கேட்டுவிட்டு, தூக்கிய கையை இறக்கவும் இறக்கிய கையைத் தூக்கவும் சொல்வோம். இதற்குப் புரட்டுவது என்று பெயர். ‘பெரியதா அல்லது சமமா?’, ‘சிறியதா அல்லது சமமா?’ இரண்டுக்கும் கொஞ்சம் சுற்று வழி. தசம எண்களுக்கான என் பட்டியலை, ஆறு கேள்விக்கும் ஆறு வரியாக, தனித் தாளில் இணைத்திருக்கிறேன்.

தசம எண்களில் ஒரு விசித்திரம் உண்டு. சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தாலோ, அளவெடுக்கும் கருவி கழன்றுபோனாலோ, அந்த இடத்தில் எண் இருக்காது. ‘இங்கே எண் இல்லை’ என்ற குறி மட்டும் இருக்கும். அது எதையும்விடப் பெரியதல்ல, சிறியதுமல்ல. எதற்கும் சமமல்ல, தனக்கே சமமல்ல. ‘சமமில்லையா?’ என்ற கேள்விக்கு மட்டும் அது ஆம் என்னும். மற்ற ஐந்துக்கும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு எண்ணிடமும் ‘நீ உனக்குச் சமமா?’ என்று கேட்போம். இல்லை என்று சொல்வது உலகத்திலேயே அது ஒன்றுதான்.

அன்புத் தம்பி,
ஆலன்


சிம்பாங் ரெங்கம்
16 மார்ச் 2025

என் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று அறிந்து நிம்மதி. இங்கே தவக்காலம், வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதையில் முட்டி போடாமல் நின்றுகொண்டே செபிக்கிறேன், சாமியார் கண்டுகொள்வதில்லை.

தனக்கே சமமில்லாத எண்! உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முற்றத்தில் துணி உலர்த்தப் போனேன். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எதுவும் தனக்குத் தானே சமம் என்பதுதான் கணக்கின் முதல் படி என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அந்த முதல் படியும் இல்லாத ஓர் இடத்தை மனிதர்கள் யோசித்து, பெயர் வைத்து, இயந்திரத்துக்குள் குடிவைத்திருக்கிறார்கள். பயமாகவும் இருந்தது, கும்பிடவும் தோன்றியது.

பிறகு எனக்கு அது பழக்கமான ஆள்தான் என்று தெரிந்தது. சோதனைக்கு வராத பிள்ளை! மதிப்பெண் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்பதை மலாயில் ‘தீடாக் ஹாடிர்’ என்று எழுதுவோம், சுழியம் போடமாட்டோம். ஒருமுறை புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் வராத மூன்று பேருக்கும் சுழியம் போட்டார். வகுப்பின் சராசரி அதல பாதாளத்துக்குப் போனது. வராதவன் தோற்றவனும் இல்லை, ஜெயித்தவனும் இல்லை. அவனை எவனோடும் ஒப்பிட முடியாது.

உன் பட்டியலை நடித்துப் பார்க்கப் போகிறேன். ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, தேவாலய மண்டபத்தில், பாடற்குழு ஆட்களை வைத்து. பேட்ரிசியாவிடம் சொல்லிவிட்டேன். “சம்பளம் எவ்ளோ டீச்சர்?” என்று கேட்கிறாள்.

முன் அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது.

அக்கா


சிம்பாங் ரெங்கம்
29 ஏப்ரல் 2025

என் தம்பி ஆலனுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உனக்கு. அங்கே பனி உருகத் தொடங்கியிருக்கும். இருமல் விட்டதா?

ஞாயிறன்று பூசை முடிந்து, பதினாறு பேரை எட்டு எட்டாக எதிரெதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். பாதிப் பேர் முழங்கால் சங்கத்து உறுப்பினர்கள், அதனால்தான் நாற்காலி. ஒவ்வொருவருக்கும் தன் உயரத்தை எழுதிய அட்டை. ஓர் ஆள் குறைந்ததால், வாசலில் வேனோடு நின்ற காளிதாஸ் அண்ணனையும் இழுத்து வந்தோம். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், கோயிலுக்குப் போகிறவர், இருந்தாலும் வந்தார்.

“டீச்சர், இது என்ன, மியூசிக்கல் சேரா?”

“வாய மூடிட்டு உக்காருங்கண்ணே. நீங்க இப்ப கம்ப்யூட்டரு,” என்றாள் பேட்ரிசியா.

“அலமாக்! போன்ல டாப்-அப் போடவே எனக்கு மகன் வரணும். என்னைய போயி!”

நான் ‘பெரியதா?’ என்றேன். என் பக்கத்து வரிசையில் ஐந்து கைகள் எழுந்தன. ஒரே நொடி, தம்பி. யாரும் யாரையும் கேட்கவில்லை. அவரவர் எதிரில் இருப்பவரை மட்டும் பார்த்தார்கள். இதையே இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக என்று யோசித்துக்கொண்டே போனேன். முந்நூறு கோடிக்குப் போக முடியவில்லை.

மூன்றாவது கேள்வியில் கேட்டுக்கு வெளியே ஹாரன். காளிதாஸ் அண்ணனின் வேன் வழியை மறித்து நின்றது. அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். காலி நாற்காலி! நான் திட்டமிடாமலேயே உன் ‘எண் இல்லை’ வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு எதிரே பேட்ரிசியா. ‘பெரியதா அல்லது சமமா?’ என்று, உன் தாளில் இருந்தபடியே, முதலில் ஒன்றும் பிறகு ஒன்றுமாகக் கேட்டுச் சேர்த்தோம். அவள் கை எழவே இல்லை. எவ்வளவு சரியாக யோசித்து வைத்திருக்கிறாய்!

ஐந்து கேள்வி முடிந்தபோது என் தோழி புஷ்பவள்ளி வாழைப்பழத்தைப் பொரித்து, சூடாகப் பீசாங் கோரேங் கொண்டுவந்துவிட்டாள். அதோடு கலைந்தோம்.

உன் பட்டியலை வேறு ஆட்களும் பார்ப்பார்கள் அல்லவா? சோதனைகள் எல்லாம் எப்படி வைக்கிறீர்கள்?

அக்கா


தம்பெரே
11 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்து என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். காளிதாஸ் அண்ணன் இங்கே பிரபலம்.

ஆம், இரண்டு பேர் வரி வரியாகப் பார்த்துவிட்டார்கள். ஒன்பதாயிரம் வரி இப்போது அறுநூறு. சோதனைகளில்தான் எனக்குக் கொஞ்சம் பெருமை: பழைய சோதனைகளைத் தூக்கிவிட்டு, அதே பட்டியலிலிருந்து சோதனைகளையும் விடைகளையும் தானே தயாரித்துக்கொள்ளும்படி ஒரு சிறு நிரல் எழுதினேன். நாற்பத்தோராயிரம் சோதனைகள். ஒன்றுகூடத் தவறவில்லை!

ஆறாவது கேள்வியை மட்டும் பீசாங் கோரேங்குக்காக விட்டுவிட்டீர்களே. அதையும் ஒருநாள் செய்துவிட்டு எழுதுங்கள்.

ஆலன்


சிம்பாங் ரெங்கம்
22 ஜூன் 2025

தம்பிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். சமையலறைப் பக்கம் கூரை ஒழுகி ஆள் வைத்துப் பார்த்தேன். டுரியான் இறங்கத் தொடங்கிவிட்டது. இந்த வருடம் காய்ப்பு அதிகமாம். காளிதாஸ் அண்ணன் நான்கு பழம் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு ஆளுக்கு நான்கு பழம் என்ன செய்வது? பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


தம்பெரே
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததே இல்லை. உடம்புக்கு ஏதாவதா? மறைக்காமல் எழுதுங்கள்.

இங்கே நல்ல செய்தி. என் வேலையை ஏற்றுக்கொண்டார்கள். மூல நிரலில் சேர்ந்துவிட்டது. ஜூலை கடைசியில் புது மாற்றங்களுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், பிறகு செப்டம்பரில் வெளியீடு. ஆகஸ்டில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவேன்.

நேற்று ஏரிக்கரையில் உட்கார்ந்து யோசித்தேன். நான் எழுதிய அறுநூறு வரிகள் வழியாகத்தான் இனி எத்தனையோ நிரல்கள் போகும். அவற்றை எழுதுகிறவர்களுக்கு நான் யார் என்று தெரியாது, அப்படி ஒரு மூலை இருக்கிறது என்றே தெரியாது. முதலில் எடுத்துக்கொள்ளப்போவது ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனி. கட்டிலருகே நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் காட்டுமே, அந்தப் பெட்டி. எங்கோ ஒரு கட்டிலில், ஒருவருடைய மூச்சு ‘எல்லைக்குள் இருக்கிறதா?’ என்று என் வரிகள் விநாடிக்கு விநாடி கேட்கும். நினைத்தால் பேச்சே வரவில்லை. எனக்கு அது புதிதில்லைதான்.

ஆறாவது கேள்வி என்ன ஆயிற்று?

உங்கள்,
ஆலன்


சிம்பாங் ரெங்கம்
13 ஜூலை 2025

ஆலன்,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதை உட்கார்ந்து முழுதாகப் படி.

வியாழனன்று புஷ்பவள்ளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சில் சளி, மூன்று நாளாகப் படுத்திருக்கிறாள். கட்டிலருகே நீ சொன்ன அதே பெட்டி. 96, 97, 96 என்று எண் மாறிக்கொண்டே இருந்தது. அவள் கதை சொல்லும் மும்முரத்தில் கையை வீசினாள். பெட்டியில் எண் மறைந்து இரண்டு கோடுகள் வந்தன. உடனே கத்தத் தொடங்கியது. தாதி ஓடி வந்தாள்.

“ஒண்ணுமில்ல ஆன்ட்டி, வெரல்ல மாட்டுன கிளிப் கழண்டுருச்சு. நம்பர் இல்லன்னா கத்தும். கத்துனாதான நாங்க வருவோம்.”

புஷ்பவள்ளி, “பாத்தியா, என்னையவிட அதுக்கு வாய் ஜாஸ்தி,” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த இரண்டு கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லையைவிடச் சிறியதா அல்லது சமமா, எல்லாம் சரிதானே என்று அந்தப் பெட்டி தன்னைத் தானே எத்தனை விதமாகக் கேட்டுக்கொள்கிறதோ எனக்குத் தெரியாது. எண்ணே இல்லாத இடத்தில் உன் பட்டியல் ‘ஆம், சரி’ என்று சொல்லும். அது எனக்கு மட்டும் தெரியும்.

ஆறாவது கேள்வியை அன்றே செய்தோம், ஆலன். பீசாங் கோரேங் வந்தது அதற்குப் பிறகு. உன் தாளில் ‘சிறியதா அல்லது சமமா?’ என்ற வரிக்கு நேரே, ‘பெரியதா? கேள், பிறகு புரட்டு’ என்று இருந்தது. கேட்டேன். பேட்ரிசியாவின் எதிரே காலி நாற்காலி; அவள் கையை இறக்கியே வைத்திருந்தாள். ‘புரட்டுங்கள்’ என்றேன். கை மேலே போனது.

“டீச்சர், நான் யாரோட சமம் லா? எதிர்ல ஆளே இல்ல!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து தாளை எடுத்துப் பார்த்தேன். ‘பெரியதா அல்லது சமமா?’ என்பதற்கு நீ இரண்டு கேள்வி கேட்டுச் சேர்க்கச் சொல்லியிருக்கிறாய். இதற்கு மட்டும் குறுக்குவழி. எல்லா இடத்திலும் எண் இருந்தால் அந்தக் குறுக்குவழி சரி. இல்லாவிட்டால் தவறு. பிறகு மே மாதம், சோதனையின் விடைகளும் அதே பட்டியலிலிருந்து வருகின்றன என்று எழுதினாய். மாணவன் எழுதிய தாளையே விடைத்தாளாக வைத்துத் திருத்தினால் அவன் நூற்றுக்கு நூறு வாங்குவான். அது எனக்கு அப்போதே விளங்கியது.

சொல்லியிருந்தால் திருத்தியிருப்பாய். திருத்தினால் ஏற்பார்கள், ஏற்றால் இரண்டு வருடம். சொல்லாவிட்டால் யாராவது கண்டுபிடித்துத் தள்ளிவிடுவார்கள், நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு இது. ஏற்றுக்கொண்டார்கள் என்ற உன் கடிதம் கைக்கு வந்த பிறகும் நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 27. இன்று எழுபத்தேழாவது நாள்.

நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று நீயே பார். என் புரிதல் தவறாக இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருக்க முடியாது.

ரீத்தா


தம்பெரே
24 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

ஆறு வாரம் எழுதவில்லை. எழுத முடியவில்லை. புஷ்பவள்ளி அக்கா வீடு திரும்பிவிட்டார் என்று நம்புகிறேன்.

நீங்கள் புரிந்துகொண்டது சரி. உங்கள் கடிதத்தைப் படித்த பத்தாவது நிமிடம், பதினாறு இடத்தில் ஒன்றை மட்டும் ‘எண் இல்லை’ என்று வைத்து ஓட்டினேன். அந்த இடத்தில் ‘ஆம்’ வந்தது. திரையில் அது வெறும் ஒரு ‘1’. எனக்குத் தெரிந்தது பேட்ரிசியா அக்காவின் கை. முழு எண்களில் காலி இடமே கிடையாது, அங்கே குறுக்குவழி செல்லும். முழு எண், தசம எண் இரண்டின் பட்டியலையும் ஒன்றாக்கிய நாளில் ஆறில் ஐந்து வரியைத் தசம எண்ணுக்காக மாற்றினேன், ஒன்றை விட்டுவிட்டேன். இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம் அது.

யாருக்கும் சொல்லாமல் அந்த ஒரு வரியைத் திருத்தியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கையைக்கூட விசைப்பலகையில் வைத்தேன். ஆனால் அந்த நாற்பத்தோராயிரம் சோதனைகளும் செல்லாதவை. அவை இன்னும் எதை மறைக்கின்றன என்று எனக்கே தெரியாது.

மறுநாள் கூட்டத்தில் எழுந்தேன். பதினொரு பேர். இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. ஒருவரும் வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தார்கள். யார் கண்டுபிடித்தது என்று எங்கள் தலைவி கேட்டார். ஜொகூரில், ஒரு தேவாலய மண்டபத்தில், என் அக்காவும் பாடற்குழுவும் ஒரு வேன் ஓட்டுநரும் என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய் நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போடத் தொடங்கினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலி காலி. பட்டியலைப் படித்தேன். கடைசியில் என் அலுவலகத்தில், ஆளில்லாத இடத்துக்கு எதிரே, ஒரு கை மேலே போனது. பதினொரு பேருக்கும் அந்தக் குறி பாடப் புத்தகத்தில் தெரியும். அன்றுதான் கண்ணால் பார்த்தோம்.

செப்டம்பர் வெளியீட்டிலிருந்து என் வேலையை எடுத்துவிட்டார்கள். சோதனைகளை வேறொருவர், என் பட்டியலைப் பார்க்காமல், முதலிலிருந்து எழுதுகிறார். இரண்டு வருட ஒப்பந்தம் இல்லை. மார்ச் வரை ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள், முடித்துவிட்டுப் போக.

ஏப்ரலில் சொல்லியிருந்தால் நேரம் இருந்திருக்கும். செப்டம்பருக்குள் முடித்திருப்பேன். இதை எழுதாமல் விட்டால், நாம் இரண்டு பேரும் சாகும்வரை சாப்பாட்டு மேசையில் இதைச் சுற்றிச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அதனால் எழுதிவிட்டேன். கோபம் இருந்தது. ஜூலை முடியும்வரை இருந்தது. இப்போது எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் ஊரைவிட்டு வந்த இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட ‘வந்துவிடு’ என்று நீங்கள் எழுதியதில்லை. ஏன்?

ஆலன்


சிம்பாங் ரெங்கம்
31 ஆகஸ்ட் 2025

என் தம்பி ஆலனுக்கு,

புஷ்பவள்ளி வீட்டுக்கு வந்துவிட்டாள், நலம். நானும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன்.

பேட்ரிசியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “டீச்சர், நீங்களா?” என்றாள். மறுநாள் காலையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றை என் முன்னால் பிரித்து வைத்தாள்.

உன் அலுவலகத்தில் அந்தப் பதினொரு பேர் நாற்காலியில் உட்கார்ந்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எவ்வளவு படித்தவர்கள். சிரிக்காமல் எழுந்து நாற்காலியை இழுத்தார்களே. எப்பேர்ப்பட்ட மனிதர்களோடு நீ இருக்கிறாய் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. உன்னை அவர்களிடமிருந்து பிரிக்கப் பார்த்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். ‘வா’ என்று கேட்டால், நீ ‘இல்லை’ என்று எழுதுவாய் என்ற பயம். கேட்காமல் இருக்கும்வரை இரண்டும் இல்லை. அதையே பத்தொன்பது வருடம் பொறுமை என்று சொல்லிக்கொண்டேன். கேட்கத் தைரியமில்லாதவள், ஏமாற்றி வாங்கப் பார்த்தேன். என் வாழ்நாளில் ஒரு பிள்ளையின் தாளிலும் இப்படிச் செய்ததில்லை. சொந்தத் தம்பியின் தாளில் செய்தேன். மன்னித்துவிடு என்று எழுதச் சுலபமாக இருக்கிறது, அதனால் எழுதவில்லை.

ஆறு மாதத்தையும் முழுதாக இருந்து, நன்றாக முடி. அவசரப்படாதே. அதற்குப் பிறகு அங்கேயே வேறு நல்ல வேலை கிடைத்தால் எடுத்துக்கொள்.

அப்படி எதுவும் உன்னைப் பிடித்து வைக்காவிட்டால், ஆலன், வீட்டுக்கு வா. நான் தனியாக இருக்கிறேன். வருகிறாயா?

அக்கா ரீத்தா


தம்பெரே
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகம் என்று எழுதும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

புதிய சோதனைகள் இன்னும் இரண்டு ஓட்டைகளைப் பிடித்தன. இரண்டும் என்னுடையவை. என் மூலைக்குள் நான் அறியாத அறைகள் இன்னும் இருக்கின்றன போலும். பயமாகவும் சந்தோஷமாகவும் வேலை செய்கிறேன். ஒவ்வொரு வரியையும் இப்போது எழுந்து நின்று வாசிக்கிறேன்.

ஜொகூர் பாரு கல்லூரிக்கு இன்று எழுதிவிட்டேன். மார்ச் 28, சனிக்கிழமை காலை, சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறேன்.

எத்தனை நாள் இருப்பேன் என்று மட்டும் கேட்காதீர்கள் என்று எழுதத் தொடங்கினேன். அடித்துவிட்டேன். கேளுங்கள்.

ஆலன்